மூன்றாம் கதவும் என் முறைக் கணக்கும்

தொலைக்காட்சியைப் பார்த்துக் கருத்துச் சொல்வது மிகச் சுலபம். அது திரும்பி நம்மைப் பார்க்கும்போதுதான் நாக்கு எந்தப் பக்கம் புரள்வது என்று தெரியாமல் தவிக்கும்.

பவித்ரா, பிரவீன், இதை உங்கள் இருவருக்காகத்தான் எழுதுகிறேன். நம் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும், சோறு பரிமாறி முடிவதற்குள் உங்களில் ஒருவர் "அப்பா டிவியில வந்த கதை" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். பிரவீன் சொல்லும்போது நான் மேடையில் மயங்கி விழுகிறேன். நான் மயங்கவில்லை. உட்காரத்தான் போனேன், நாற்காலி நான் நினைத்த இடத்தில் இல்லை. பவித்ரா சொல்லும்போது நான் அழுகிறேன். அது விளக்கு வெளிச்சம் கண்ணில் பட்டதால். ஆகவே நடந்ததை நடந்தபடி ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் படித்தது மூன்றாம் படிவம் வரைதான். அதிலும் கடைசி வருடம் பாதி நாள் பள்ளிக்கே போகவில்லை. வாக்கியம் எங்காவது நொண்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கருத்துகளைச் சொல்லிவிடுகிறேன். வம்பு அங்கிருந்துதான் தொடங்கியது.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவனுக்குக் காலையில் வேலை, மதியம் வேலை, நடுவில் ஒன்றும் கிடையாது. அந்த நடுப்பொழுதில்தான் பவித்ரா மாதச் சந்தா கட்டி வைத்திருந்த படங்களையும் ஜோடி தேடும் நிகழ்ச்சிகளையும் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் பொழுது போகத்தான். பிறகு பொழுது போதவில்லை. (பவித்ரா, உன் கணக்கைத் திறந்ததும் நீச்சல் உடுப்பில் நாலு பேர் வந்து நின்றார்கள் என்று அம்மா உன்னைத் திட்டினாளே, அது நான் பாதியில் நிறுத்தியிருந்த நிகழ்ச்சி. அன்றைக்கு நான் பேப்பர் படிப்பதுபோல் இருந்துவிட்டேன்.)

அந்த நிகழ்ச்சிகளில் எனக்கு முதலில் புரியாதது, அவர்கள் ஏன் எப்போதும் நீச்சல் குளத்தில் நின்றுகொண்டே பேசுகிறார்கள் என்பது. கல்யாணப் பேச்சை ஈரத்துணியோடு யார் பேசுவார்கள்? அடுத்தது, பழகி நாலு நாள்கூட ஆகியிருக்காது, "என் மனசை முழுசாகத் திறந்துவிட்டேன்" என்று அழுகிறார்கள். உங்கள் அம்மா இத்தனை வருடக் குடித்தனத்துக்குப் பிறகும் தைலப் புட்டியை எங்கே வைக்கிறாள் என்று எனக்குத் திறந்து காட்டியதில்லை. ஊர் எது, அப்பா என்ன வேலை, கூடப்பிறந்தவர்கள் யார் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. "உன்னை ஒரு நிறமாகச் சொன்னால் என்ன நிறம்?" என்று கேட்கிறார்கள். அவனும் யோசித்துப் பதில் சொல்கிறான்.

எல்லாவற்றையும்விட என்னை வதைத்தது சாப்பாடு. மெழுகுவத்தி ஏற்றி, ஒரு முழு மீனை நடுவில் வைத்து, இரண்டு பேரும் அதைத் தொடாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள். மீன் ஆறிக்கொண்டே இருக்கும். இவர்கள் சேருவார்களா மாட்டார்களா என்ற கவலை எனக்குப் போய், அந்த மீனை யாராவது சாப்பிடுவார்களா என்ற கவலை வந்துவிடும்.

படங்கள் வேறு வகைக் குழப்பம். கதாநாயகனுக்கு வேலை கிடையாது. ஆனால் ஒரு பாட்டு முடிவதற்குள் ஆறேழு சட்டை மாற்றிவிடுவான். அவள் போகும் பேருந்திலெல்லாம் ஏறுவான். (என் பேருந்தாக இருந்தால் அடுத்த முச்சந்தியில் இறக்கிவிட்டிருப்பேன்.) அவள் "பிடிக்கவில்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னாலும் அவனுக்கு அது பாதிச் சம்மதம். பனிமலையில் ஆடும்போது அவனுக்குக் கோட்டு, அவளுக்கு மெல்லிய சேலை. பெண்ணின் அப்பா என்றால் பெரிய மீசையும், கோபமாக இறங்கி வருவதற்கு ஒரு மாடிப்படியும் வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை. பவித்ரா யாரையாவது விரும்பினால் நான் எங்கிருந்து இறங்கி வருவது என்று கொஞ்ச நாள் உண்மையிலேயே யோசித்தேன்.

இதையெல்லாம் நான் சோபாவில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்வேன். நீங்கள் இருவரும் சிரிப்பீர்கள். "அப்பா சொல்றது கரெக்ட்டுலா" என்பான் பிரவீன். அந்தப் பாராட்டில்தான் நான் கெட்டுப்போனேன்.

இனி சேகர். உங்கள் அம்மாவின் ஒரே தம்பி, என் மச்சான். பெற்றவர்கள் போன பிறகு அவனை வளர்த்தது அம்மாதான். லூமுட் படகுத்துறையில் ஃபெரிப் படகுகளின் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறான். இயந்திரத்தோடு நாள் முழுதும் பேசுவான்; மனிதர்களோடு பேசச் சொன்னால் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நிற்பான். முப்பது தாண்டி நாலு வருடம் ஆகியும் எந்தப் பெண்ணைக் காட்டினாலும் "பாக்கலாம்கா" என்பான், அதோடு சரி. அம்மா அவன் முன்னால் ஒன்றும் சொல்லமாட்டாள். அவன் மோட்டார் சைக்கிளில் திரும்பிப் போன பிறகு அடுப்பங்கரையில் பாத்திரங்கள் கொஞ்சம் பலமாக வைக்கப்படும்.

அப்போதுதான் பவித்ரா ஒரு வேலை செய்தாள். நம் ஊர்த் தமிழ்த் தொலைக்காட்சி ஒளிவழி ஒன்றில் ஜோடி தேடும் நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது. மூன்று கதவு, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பெண், குரல் மட்டும் கேட்கும். மாப்பிள்ளை பேசக்கூடாது. அவன் கையில் ஒரு மணி. பதில் பிடித்தால் அடிக்கலாம். அவனுக்குப் பதிலாக அவன் வீட்டு ஆள் ஒருவர் கேள்வி கேட்பார். அவருக்கு "மாப்பிள்ளையின் வாய்" என்று பெயர். கடைசியில் மாப்பிள்ளை ஒரு கதவைத் திறக்கவேண்டும். அந்த நிகழ்ச்சியை ஈப்போவில் ஒரு மண்டபத்தில் படம் பிடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து, இவள் சேகர் பெயரைக் கொடுத்துவிட்டாள். பேசவே வேண்டாம் என்ற ஒரே காரணத்துக்காக அவன் ஒப்புக்கொண்டான். வாயாக யார் போவது என்று கேட்டதற்கு எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். நானும் என்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மண்டபத்தில் குளிரூட்டி பல்லை ஆட்டியது. முகத்தில் பவுடர் போட்டார்கள், சட்டைக்குள் ஒயர் விட்டார்கள். கோலாலம்பூரிலிருந்து வந்த தொகுப்பாளர் தம்பி, மிக நல்ல பிள்ளை, என் கையில் கேள்வி அட்டைகளைக் கொடுத்துவிட்டு விளக்கினார். "அங்கிள், நீங்க சேகர் இல்ல. ஆனா மேடை ஏறிட்டா நீங்கதான் சேகர். சேகராவே யோசிங்க, சேகராவே பேசுங்க."

இந்த வாக்கியம்தான் என்னை முடித்தது. நான் எதையும் மனத்தில் வாங்கிக்கொண்டால் விடமாட்டேன். மேடைக்கு நடக்கும்போதே நான்தான் சேகர், நான்தான் சேகர் என்று சொல்லிக்கொண்டே போனேன். அம்மாவும் நீங்களும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். அம்மாவைப் பார்த்து, ஒரு கணம் அக்கா என்று நினைத்தேன்.

முதல் அட்டையில் "நீங்கள் ஒரு பழமாக இருந்தால் என்ன பழம்?" என்று இருந்தது. எனக்குக் கூசியது. அட்டையைக் கவிழ்த்துவிட்டு என் சொந்தக் கேள்வியைக் கேட்டேன். முன்னால் சாப்பாடு இருக்கிறது, பேச்சும் இருக்கிறது, என்ன செய்வீர்கள்?

முதல் கதவு, பேச்சுதான் முக்கியம், சாப்பாட்டைப் பிறகு சூடு பண்ணிக்கொள்ளலாம் என்றது. இரண்டாம் கதவு, எங்கே சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது என்றது. மூன்றாம் கதவின் பின்னாலிருந்து கொஞ்சம் கனத்த, அவசரமில்லாத குரல் வந்தது.

"ஆற விட்டுட்டு என்ன பேச்சுண்ணே? சாப்டுட்டுப் பேசலாம். பேச்சு எங்க ஓடிப் போவுது?"

மணி அடித்தது. சேகர்தான். ஒருமுறை அடித்தால் போதும் என்று சொல்லியிருந்தும் அவன் நிறுத்தவில்லை. தொகுப்பாளர் போய் அவன் கையைப் பிடிக்கவேண்டியிருந்தது. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சேகர் ஒரு விஷயத்தைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவன் இப்போது மணியால் சொல்லிவிட்டான். காரியம் முடிந்தது. நான் அங்கேயே வாயை மூடியிருக்கலாம்.

ஆனால் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. எந்த ஊரம்மா என்று கேட்டேன். பாரிட் புந்தார், பல் கிளினிக்கில் வேலை என்றாள். நம் பேராக் மாநிலத் தமிழர்களிடம் ஊர் கேட்டால் முதலில் வருவது இப்போது இருக்கும் இடம். அதற்கு முன்னாடி என்று ஒரு தட்டுத் தட்டினால்தான் பிறந்த ரப்பர்த் தோட்டம் வரும். தட்டினேன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். அது நான் பிறந்த தோட்டம். யார் வீட்டுப் பெண் என்று கேட்டேன்.

"பால் லோரி ஓட்டுன பெருமாள் மவ, தேன்மொழி."

பெருமாள் சித்தப்பா. ரத்த சொந்தம் இல்லை. ஆனால் அவர் என் அப்பாவை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட்டவர். ரப்பர்ப் பால் ஏற்றும் அந்த லோரியில் என்னை முன்னால் உட்காரவைத்துத் தொழிற்சாலை வரை கூட்டிப்போனவர். இந்தப் பெண், நான் தோட்டத்தை விட்டு வந்த பிறகு பிறந்திருக்க வேண்டும். தோட்டத்தில் அப்படிக் கூப்பிட்டுவிட்டால் அது முறைதான், அதை மாற்ற முடியாது. சித்தப்பா மகள் எனக்கு என்ன? தங்கச்சி. நான் யார்? நான்தான் சேகர். அப்படியென்றால் சேகருக்கு என்ன?

என் தலைக்குள் ஓடிய கணக்கு இவ்வளவுதான். அப்போது அதில் எனக்கு ஓட்டையே தெரியவில்லை.

ஒலிவாங்கியை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "நிறுத்துங்க. இது தங்கச்சி முறை. இந்தச் சம்பந்தம் ஆவாது."

பின்வரிசைப் பெண்கள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். தொகுப்பாளர் தம்பிக்கு முறை என்றால் என்னவென்றே தெரியவில்லை. விளக்கிச் சொல்லச் சொன்னார். நான் மேசையில் இருந்த மூன்று தண்ணீர்ப் போத்தல்களை எடுத்து, இது நான், இது பெருமாள் சித்தப்பா, இது என் மச்சான் என்று வரிசையாக வைத்து விளக்கினேன். விளக்க விளக்க எது யார் என்று எனக்கே மறந்துவிட்டது. கதவின் பின்னாலிருந்து ஏதோ சத்தம் கேட்டது. நான் கையை நீட்டி, இரும்மா முடிச்சிக்கிறேன் என்றேன். அந்தக் குழப்பத்தில் தொகுப்பாளர் தாகத்துக்கு ஒரு போத்தலைத் திறந்து குடித்துவிட்டார். அவர் குடித்தது என் மச்சானை என்றுதான் நினைக்கிறேன். நான் தளர்ந்துபோய் உட்காரப் போனது அப்போதுதான். நாற்காலி விஷயம் முன்பே சொல்லிவிட்டேன்.

தரையிலிருந்து பார்த்தபோது சேகரின் கால் மட்டும் தெரிந்தது. அவன் அந்த மணியைச் சத்தமில்லாமல் தன் காலடியில் வைத்துக்கொண்டிருந்தான். ஒரு கதவைத் திறந்தே ஆகவேண்டும் என்றார்கள். முதல் கதவைத் திறந்தான். நல்ல பெண். இரண்டு பேருக்கும் பரிசாக ஓர் இரவு விருந்து கொடுத்தார்கள். அவள் தன்னுடைய காதலனைப் பற்றிப் பேசினாளாம். டிவியில் முகம் வரட்டும் என்று வந்தவளாம். சேகர் மீனைச் சாப்பிட்டானாம்.

அன்று காரில் திரும்பும்போது நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். பெரிய தவறு நடக்காமல் தடுத்துவிட்டதாக எனக்குப் பெருமை. அம்மா வழியில் பார்த்த விளக்குகளை எண்ணிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்தேன். அவள் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்தப் பொண்ணு ஒங்களுக்குத் தங்கச்சி."

"ஆமா."

"ஒங்க கூடப் பொறந்த தங்கச்சி ஒண்ணு இருந்திருந்தா, என் தம்பிக்கு என்ன முறை?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பச்சை விளக்கு எரிந்தது, கார் நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

"கட்டிக்கிற முறை" என்றாள் அவளே. "ஒலகத்துல எவனோட தங்கச்சிய வேணாலும் அவனோட மச்சானுக்குத்தான் குடுப்பாங்க. அதுக்குப் பேருதாங்க மச்சான்."

தொகுப்பாளர் தம்பி சொன்னதால் சேகராக யோசித்தேன், ஆனால் சொந்தத்தை மட்டும் நானாக எண்ணிவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே அது விளங்கவில்லை. பின் இருக்கையில் நீங்கள் இருவரும் சிரிப்பை விழுங்கிக்கொண்டிருந்தீர்கள். நடுவில் உட்கார்ந்திருந்த சேகர் ஒரே ஒரு வார்த்தை பேசினான்.

"அந்தக் கொரலு நல்லா இருந்துச்சு மாமா."

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மறுநாளே பாரிட் புந்தாருக்குப் போகலாம் என்று நான் துடித்தேன். சேகர் ஒப்பவில்லை. அத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுபடி அவள் வாசலில் போய் நின்றால் அவளை என்னவென்று நினைப்பார்கள் என்றான். அவளுக்கு என்ன எண்ணமோ, ஒரு பதில்தானே சொன்னாள் என்றான். அதில் நியாயம் இருந்ததால் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. ஜோடி தேடும் நிகழ்ச்சிகளைப் பார்ப்பதை அன்றோடு நிறுத்தினேன். படங்களிலும் கல்யாணக் காட்சி வந்தால் எழுந்து போய்ப் பேருந்தைக் கழுவினேன்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான அன்று தொலைக்காட்சியைத் திறக்கவேண்டாம் என்று கெஞ்சினேன். யார் கேட்டீர்கள்? சேகர்கூட லூமுட்டிலிருந்து வந்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். என் முகம் பவுடரில் அப்பளம்போல் இருந்தது. போத்தல் காட்சி வந்தது. நான் கையை நீட்டி, இரும்மா என்கிறேன். அந்த இடத்தில் என் சத்தத்தைக் குறைத்து, மூன்றாம் கதவின் சத்தத்தைக் கூட்டி, எழுத்தாகவும் கீழே போட்டிருந்தார்கள். நான் அன்றைக்குக் கேட்காத குரல்.

"அண்ணே, கணக்கு தப்பு. நான் ஒங்களுக்குத்தான் தங்கச்சி. அவருக்கு இல்ல. மறுபடி எண்ணுங்க."

பின்னணியில் சிரிப்புச் சத்தம் சேர்த்திருந்தார்கள். நம் வீட்டில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. சேகர் எழுந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"மாமா, பாரிட் புந்தாருக்கு எப்பப் போலாம்?"

டிவியில் காட்டுவதெல்லாம் நடிப்பு என்று வருடக்கணக்கில் சொல்லி வந்தவன் நான். அன்று அந்த மேடையிலேயே பொய்க்கணக்குச் சொன்னது நான் மட்டும்தான். (அடுத்த நாள் பேருந்தில் ஏறிய பிள்ளைகள் ஒவ்வொன்றும் "அங்கிள், நான் ஒங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தன. சீனப்பள்ளியில் இறங்கும் பிள்ளைகூட மலாய் மொழியில் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது.)

பெருமாள் சித்தப்பா வீட்டுக்குப் பின்னால் வயல் ஆரம்பித்துவிடுகிறது. அவர் வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு என்னையும், எனக்குப் பின்னால் தட்டோடு நின்ற அம்மாவையும் சேகரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டிவியில ஊரறிய அண்ணன்னு சொல்லிட்டே. இப்ப எந்தப் பக்கமா வந்துருக்கே? பொண்ணுப் பக்கமா, மாப்பிள்ளப் பக்கமா?"

கூடத்தில் எதிரெதிரே நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நான் நடுவில் நின்றேன். இந்தப் பக்கம் போனால் அம்மாவுக்குத் துரோகம், அந்தப் பக்கம் போனால் சித்தப்பாவுக்கு. அப்போதுதான் தேன்மொழி வறுத்த மீன் தட்டோடு வெளியே வந்தாள். சேகர் அவளை முதன்முதலாகப் பார்த்தான். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"அண்ணே, இந்தப் பக்கம் ஒக்காருங்க. எனக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்ல. நீங்களா சொன்னீங்க, நானா கேக்கல."

போய் அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். சேகரும் தேன்மொழியும் பேசுவார்கள் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. அவள் பரிமாறினாள், அவன் சாப்பிட்டான். மீன் ஆறவில்லை. நான் பார்த்த ஜோடி தேடும் நிகழ்ச்சிகளிலேயே அதுதான் சிறந்தது. சாப்பிட்டு முடித்ததும் அம்மா எதிர்ப்பக்கத்திலிருந்து, இருபது வருடக் குடித்தனமே இல்லாதவள்போல், "பொண்ணோட அண்ணன் என்ன சொல்றாரு?" என்று என்னைக் கேட்டாள். அவளுடைய தம்பியைப் பற்றி அவளிடமே நான் விசாரிக்கவேண்டியதாயிற்று.

கல்யாணத்தில் பெண்ணுக்கு அண்ணனாகப் பொரி அள்ளிப் போட்டது நான். போடும்போது மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்திலிருந்து உங்கள் அம்மா, கணக்குப் பார்த்துப் போடுங்கள் என்று சொன்னதை ஐயர்கூடக் கேட்டுச் சிரித்தார். அதிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் தேன்மொழி பிறந்த வீட்டுச் சீர் கேட்டு நம் வீட்டுக்கு வருகிறாள். சேகர் அக்கா வீட்டுக்கு வருகிறான். இருவரும் ஒரே மோட்டாரில் வந்து இறங்கினாலும் அவள் வாசலில் என்னை நிறுத்தி, "இப்ப நீங்க யாருண்ணே, சேகரா, நீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

போன மாதம் அவர்கள் மகளுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்காரவைக்கவேண்டும் என்றார்கள், என்னைக் கூப்பிட்டார்கள். பிள்ளை என் மடியில் ஏறியதும் எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. அம்மாவைப் பார்த்தேன். அவள் விரலை நீட்டவே இல்லை. அதனால் நானே மெதுவாக எண்ணிப் பார்த்தேன். இவளுடைய அம்மாவின் அண்ணன் நான், மாமா. இவளுடைய அப்பாவின் அக்காள் புருஷன் நான், மாமா. நம்பாமல் மறுபடி பின்னாலிருந்து எண்ணினேன். மாமாதான்.

ஊசி குத்தியதும் அவள் வீறிட்டு அழுதாள். நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன். கல்நெஞ்சம் பிடித்த மனுஷன் என்று யாரோ சொன்னார்கள். சொல்லட்டும். என் வாழ்க்கையில் இரண்டு பக்கமிருந்தும் சரியாக வந்த கணக்கு அது ஒன்றுதான்.